எறா மேல் விழுந்த பழி

கொக்கிலமேடு
5-2-1956

என் மகள் ஆதியம்மாளுக்கு நைனா எழுதுவது.

இது முழுக்க என் கையெழுத்து. குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் ஆகிறது. ஆனாலும் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. போன வாரம் என் வலையில் பட்டதென்று கொண்டுவந்த எறாவை வதக்கினாயா, குழம்பு வைத்தாயா? அடுத்த ஞாயிறும் கொண்டுவருகிறேன். மாப்பிள்ளை உலகநாதனுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம்.

இனிமேல் கட்டைவிரல் ரேகை வைக்காத
சடையன்

செங்கல்பட்டு
9-2-1956

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஆனால் எறா வேண்டாம். நீங்கள் போன அன்று உடம்பெல்லாம் தடிப்பு, அரிப்பு. உதடு வீங்கிவிட்டது. ஒவ்வொரு முறை நீங்கள் வந்து போனதும் இப்படித்தான். "எறா கரப்பான். ஒங்கப்பன் இனிமே கூடையைத் தூக்கிகினு இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது" என்று அத்தை சொல்லிவிட்டார். உங்கள் மாப்பிள்ளையும் அம்மாவைத் தடுக்கவில்லை. கொஞ்ச நாள் வராதீர்கள்.

ஆதி

கொக்கிலமேடு
14-2-1956

ஆதி,

எறா தின்று வளர்ந்த உடம்பு உனக்கு. ஒரு தடிப்பு வந்ததில்லை. இப்போது என்ன வந்தது? எனக்குப் பயமாக இருக்கிறது. சம்பந்தியம்மா சொன்னால் சரி, நான் வரவில்லை. நீ நன்றாக இருந்தால் போதும். கடுதாசியிலாவது பேசலாம்.

நைனா

செங்கல்பட்டு
20-2-1956

நைனா,

பயப்படாதீர்கள், பிழைத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று எறாவும் இல்லை, நீங்களும் இல்லை. தடிப்பு மட்டும் வந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். "என்ன மாத்திரை போட்டே?" என்று டாக்டர் அதட்டினார். தலைவலி மாத்திரை என்று சொல்லிவிட்டேன். சில உடம்புக்கு ஆஸ்பிரின் ஆகாதாம். இனி தொட்டால் உயிருக்கே ஆபத்தாம்.

"எதுக்குடி ஒளிச்சி ஒளிச்சி முழுங்கினே?" என்று அத்தை கேட்கிறார். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் போனதும், நீங்கள் உட்கார்ந்த பாயை அத்தை கழுவிக் காயப்போடுவார். மீன் வாடையாம். நான் அழுவேன். தலை வலிக்கும். மாத்திரை போடுவேன். "நான் வரவில்லை" என்று நீங்கள் எழுதியதற்கும் அப்படித்தான் அழுதேன். அழுதது தெரியக் கூடாது என்றுதான் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆதி

கொக்கிலமேடு
23-2-1956

ஆதி,

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். வெறும் கையோடுதான். எனக்குப் பாய் வேண்டாம். நின்றபடியே மாப்பிள்ளையிடம் பேசுவேன். சண்டைக்கு வரவில்லை. அங்கேயே இருக்கிறேன் என்றாலும் சரி, என்னோடு வருகிறேன் என்றாலும் சரி, அவர்கள் முன்னால் நீ சொல். அதுவரை தலை வலித்தால் ஈரத்துணி போட்டுப் படு. மாத்திரை மட்டும் வேண்டாம், கண்ணு.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் வராதீர்கள் என்றுதான் எழுதுவாய்.

நைனா