தகரக் கூரையும் பின்தங்கிய கடிகாரமும்

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்பாளர்,
ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை, மூன்றாம் தளம்.

பெறுநர்:
தலைமைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஆம்புலன்ஸ் சேவை அலுவலகம்.

பொருள்: கட்டுப்பாட்டு அறைக் கணினிகள் தவறான நேரம் காட்டியது – தாமதமாகச் சென்றதாக ஓட்டுநர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டது – மறுபரிசீலனை கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கம். மேற்படி ஓட்டுநர் என் கணவர். மனைவி எழுதும் மனு என்று தெரிந்தே தாங்கள் இதைப் படிக்க வேண்டும். நான் சொல்வது சரிதானா என்று வேறொருவரை வைத்துச் சோதிக்கவும் வேண்டும்.

1. வீட்டு விஷயத்தில் அவர் நேரம் தவறாதவர் என்று என்னால் சான்று தர இயலாது. எங்கள் திருமணத்தைப் பதிவு செய்யும் நாளில்கூட நான்தான் முதலில் போய்க் காத்திருந்தேன். ஆனால் ஆம்புலன்ஸ் சாவியைக் கையில் வாங்கிவிட்டால் அவர் வேறு ஆள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவதை உடன் பணிபுரிவோர் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

2. சென்ற மாதம், எங்கள் சேவைப் பகுதியின் கடைக்கோடியிலிருந்து பிரசவ வலி என்று அழைப்பு வந்தது. அவர்தான் போனார். திரும்பும் வழியில் வண்டியிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குடும்பத்தார் நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டும் போனார்கள். ஆனால் அழைப்பு வந்த நேரத்தையும் வண்டி போய்ச் சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட்ட தணிக்கைப் பிரிவு, அனுமதித்த வரம்பை அவர் மீறியதாகக் குறித்தது. தற்காலிகப் பணிநீக்க ஆணையும் விசாரணைக்கான தேதியும் வந்தன. அவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே, "நான் எங்கயும் நிக்கலையே" என்று மட்டும் சொன்னார்.

3. சில மாதங்களாகவே, பணி முடிந்து நான் கீழே இறங்கும்போது ஸ்கூட்டரோடு நிற்கும் அவர், நான் தாமதமாக வருவதாகச் சொல்லி வந்தார். யார் யாரைச் சொல்வது என்று சிரித்துவிடுவேன். ஆணை வந்த பிறகும் என்னை அழைத்துப்போக வந்தவர், "நீ மட்டுமில்ல, உங்க ரூம்ல எல்லாருமே லேட்டாத்தான் எறங்குறீங்க. கடிகாரம் மக்கர் பண்ணுதோ என்னமோ" என்று விளையாட்டாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

4. எங்கள் அறையின் கணினிகள் அனைத்தும் ஒரே பெட்டியிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பெட்டி மொட்டைமாடியில் உள்ள ஆன்டெனா வழியாகச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் பெறுகிறது. சிக்னல் நின்றுபோனால் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடும். அது நாளுக்கு நாள் கொஞ்சம் பின்தங்கும். பச்சை விளக்கு எரிகிறதே என்று நான் உட்பட எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அது மின்சாரம் வருகிறது என்பதற்கான விளக்கு மட்டுமே. அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று நாங்களே அதைத் திருப்பி, கணினியோடு பொருந்தும்படி வைத்திருந்தோம்.

5. பெட்டியைச் சோதித்தபோது சிக்னல் வரவில்லை என்று தெரிந்தது. ஆன்டெனா கேபிளை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. உதிரி ஆன்டெனா ஒன்றைப் பெட்டியில் இணைத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். சற்று நேரத்தில் சிக்னல் வந்தது. ஆகவே பெட்டியில் பழுதில்லை. மாடிக்குப் போனேன். ஆன்டெனாவுக்கு நேர் மேலே தகரக் கூரை. வானமே தெரியாத இடத்தில் செயற்கைக்கோள் எப்படித் தெரியும்? ஓட்டுநர்கள் இருவரை அழைத்து ஒரு தகரத்தைக் கழற்றச் சொன்னேன். சிக்னல் வந்தது. கணினிகள் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்தது தெரிந்தது. சென்ற மாதம் அந்த அழைப்பும் இப்படிச் சில நிமிடம் முன்னதாக வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. வண்டியில் உள்ள கருவி தனியாக நேரம் பெறுவதால், போய்ச் சேர்ந்த நேரம் சரியாகவே பதிவாகியிருக்கிறது. எல்லா ஓட்டுநர்களுக்கும் இதே கதிதான். இவர் போனது அதிக தூரம் என்பதால் இவர் மட்டும் வரம்பைத் தாண்டினார்.

6. அந்தக் கூரையைப் போட்டவர் என் கணவர் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மாடியில் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று நான்தான் வீட்டில் புலம்பினேன். கட்டட மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு, சில மாதங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வந்து போட்டுக் கொடுத்தார். தாங்களும் ஒருமுறை அங்கே நின்று தேநீர் அருந்தி, "யாரு போட்டது, நல்லா இருக்கே" என்று பாராட்டினீர்கள்.

7. நடந்ததை அவரிடம் சொன்னேன். தன் கூரையே தன்னைக் கவிழ்த்தது என்று கேட்டதும் சிரிப்பார், அல்லது நொந்துகொள்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "அப்போ அந்தக் கொழந்த பொறந்த நேரத்தையும் தப்பாத்தானே எழுதியிருப்பாங்க? மொதல்ல அத மாத்தச் சொல்லு" என்றார். குழந்தை பிறந்ததும் அவர் வயர்லெஸில் தெரிவிக்க, எங்கள் அறையில் குறித்த நேரம்தான் மருத்துவமனைப் பதிவுக்கும் போயிருக்கிறது. எனவே என் கோரிக்கைகளின் வரிசையை அவர் சொன்னபடி மாற்றிக்கொண்டேன்.

முதலாவதாக, அக்குழந்தையின் பிறந்த நேரத்தைத் திருத்தி, தாயாருக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்து, இம்மாதங்களில் எல்லா ஓட்டுநர்களின் பதிவுகளையும் மறுபடி கணக்கிட வேண்டும். ஆன்டெனாவைக் கூரைக்கு மேலே ஒரு கம்பத்தில் உயர்த்தவும், சிக்னல் நின்றால் மணி அடிக்கும்படி அமைக்கவும் அனுமதி தேவை. கூரையைப் பிரிக்க உத்தரவிட வேண்டாம் என்று அறையின் பெண்கள் அனைவரும் என் வழியாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

கடைசியாக, என் கணவரின் பணிநீக்க ஆணையை விலக்கி, அவரை வண்டிக்குத் திருப்பி அனுப்புமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். இதைச் சற்று விரைந்து செய்தால் பெரிய உதவியாக இருக்கும். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அவர் சமையலறை முழுவதையும் மாற்றி அடுக்கிவிட்டார். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இடம்: கட்டுப்பாட்டு அறை
நாள்: விசாரணைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கணினிப் பராமரிப்பாளர்