வாங்கியதைச் சொன்னேன், விற்றதைச் சொல்லவில்லை

அனுப்புநர்:
பெயிண்ட் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
முதலீட்டாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
பங்குச் சந்தைக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: பொய்ச் செய்தியால் விலை ஏற்றப்பட்ட பென்னி ஸ்டாக் எனும் மிக மலிவுப் பங்கில் தையல்காரப் பெண்மணி ஒருவரின் நெடுங்காலச் சேமிப்பு சிக்கியிருப்பது – மனுதாரரையும் சேர்த்து விசாரிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தெருவோரம் பிரஷ் விற்றுத் தொடங்கிய நான், இன்று சொந்தக் கட்டடத்தில் பெயிண்ட் கடை நடத்துகிறேன். மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மையார் என்னை அண்ணன் என்றே அழைப்பார். கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போகும் காலத்துக்கென்று, மாதம் தவறாமல் பரஸ்பர நிதியில் பணம் போட்டு வந்தவர்.

2. சென்ற ஆண்டு, சூரிய ஒளித் தகடு செய்வதாகச் சொல்லும் ஒரு கம்பெனியின் பங்கைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் செய்தி வந்தது. ஒரு டீ விலைகூடப் பெறாத பங்கு. விலை நாள்தோறும் ஏறியது, உண்மையில் கைமாறிய பங்குகளோ கொஞ்சம். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. கடை திறந்த புதிதில் காலி டின்களை முன்வாசலில் வேனில் ஏற்றி, பின்வாசலில் இறக்கி, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போவதுபோல் காட்டியவன் நான். இவர்களும் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கிக் காலி டின்தான் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்தேதான் வாங்கினேன். கூட்டம் சேர்ந்ததும் நழுவிவிடலாம் என்பது என் கணக்கு.

3. வாங்கியதைக் கல்லாவில் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தேன். மாடிப்படியில் நின்று கேட்ட அம்மையார், "அண்ணே, நாலு கடை ஏறி இறங்காம நீங்க ஒரு டின்கூட எடுக்க மாட்டீங்க. நீங்களே வாங்கிட்டீங்கன்னா யோசிக்க என்ன இருக்கு?" என்றார். மறுவாரமே பரஸ்பர நிதியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து அதில் போட்டார். நான் தடுக்கவில்லை. ஆள் சேரச் சேர விலை ஏறும் என்று உள்ளுக்குள் மகிழ்ந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

4. அவர் வாங்கிய அதே வாரத்தில், விலை உச்சத்தில் இருந்தபோது நான் விற்றுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சரக்கு எடுக்கும்போது வாய் ஓயாமல் பேசுவதும், தள்ளிவிடும்போது மூச்சுவிடாமல் இருப்பதும் எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். என் மனைவிக்கே தெரியாது. அடுத்து வந்த நாட்களில் விலை சரிந்து அடிமட்டத்துக்குப் போனது.

5. சென்ற வாரம் வாடகை கொடுக்க வந்த அம்மையார், "நீங்க இன்னும் வச்சிருக்கீங்கல்ல அண்ணே? அப்ப நானும் வச்சிருக்கேன். நீண்ட காலத்துக்குன்னா பொறுமை வேணும்ல?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். வருமானமே இல்லாத கம்பெனியில் பொறுமைக்கு என்ன பலன், ஐயா? அது தெரிந்தும் தலையாட்டினேன். அன்று முதல் அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டாலே குடோனுக்குள் போய்விடுகிறேன்.

6. அம்மையாரும் சேர்ந்திருக்கும் அதே குழுவில் இப்போது, இறங்கிய விலையில் இன்னும் வாங்கச் சொல்லிச் செய்தி வருகிறது. அதற்காகத் தம் எம்பிராய்டரி மெஷினை விற்க அம்மையார் விலை பேசி முடித்துவிட்டார். நாளை மறுநாள் எடுத்துப் போக வருகிறார்கள்.

ஆகவே, குழுவை நடத்துவோரையும் என்னையும் உடனே விசாரித்து, இனி யாரும் ஏமாறாதபடி எச்சரிக்கை வெளியிட வேண்டுகிறேன். நான் விற்ற பங்குகள் யார் கைக்குப் போயின என்பதைத் தங்கள் அலுவலகத்தால் கண்டுபிடிக்க முடியும். அதில் அம்மையார் பெயர் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என் லாபத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன். நானாகக் கொடுத்தால் வாடகைக்கு இருப்பவருக்கு இரக்கப்பட்டதாகிவிடும். தங்கள் உத்தரவால் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்தும், அதற்குக் கட்டுப்பட்டும்,

(கையொப்பம்)
பெயிண்ட் கடைக்காரர்

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை

நகல்: மாடித் தையல் கடை அம்மையாருக்கு. மெஷின் படியிறங்கும் முன், நேரில், என் கையால்.