கீழ்வீட்டுத் தண்ணீர்

கோவில்பதாகை,
சனிக்கிழமை

அன்புள்ள நிவேதிதாவுக்கு,

குழாயை அளக்க ஆள் வந்த அன்று, மாடியில் வால்வு மூடியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிக்க முடிகிறது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா? வீடியோவில் பேசும்போது நடுநடுவே ஒலியை நிறுத்திக்கொள்கிறாய், இருமத்தான் என்று தெரிகிறது. புஷ்பா அக்காவை ஏன் காலி பண்ணச் சொன்னீர்கள் என்று போன வாரம் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் பிறகு சொல்கிறேன் என்றேன். எழிலரசி மாமியின் மகன் உங்கள் ஊருக்குக் கிளம்புகிறான், ரசப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். உன்னைவிடப் பன்னிரண்டு வயதே மூத்த சித்திக்குப் போனில் வராத பேச்சு எழுத்தில் வருகிறது.

கோடையிலிருந்தே மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. தொட்டியிலிருந்து நமக்கு ஒரு குழாயும் கீழ் போர்ஷனுக்குத் தனிக் குழாயும் இறங்குவது உனக்குத் தெரியும். அப்பா கீழ்க்குழாய் வால்வைக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் மட்டும் திறந்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். அது மூடியிருக்கும்போது தொட்டியில் மட்டம் அப்படியே நிற்கிறது, திறந்தால் மளமளவென்று இறங்குகிறது. ஆகவே கீழ்வீட்டார்தான் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். அவர் பார்த்தது உண்மைதான், அதிலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு. இந்த மாதக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று புஷ்பாவின் கணவன் பாபுவிடம் சொல்லிவிட்டார். பாபுவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, எங்கிருந்தும் ரயில் ஏறிப் போய்விடுவான். புஷ்பாவின் தையல் அப்படியில்லை, அவளிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்தவர்கள் எல்லாரும் நம் தெருவும் அடுத்த தெருவும்தான். படியேறி என்னிடம் வந்தாள். “துணி தைக்க எத்தினி கொடம் தண்ணிக்கா ஓணும்? மிஷினுக்கு எண்ணதான் ஊத்துவாங்க” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், ஆனால் அவள் சிரிக்கவில்லை. குழாயை ஒருமுறை சோதித்துவிடலாமே என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். நிரூபணமாகிவிடும் என்று அவரும் உடனே ஒப்புக்கொண்டார்.

வந்தவர் பெயர் ஹேமநாதன். சுவரை உடைக்கவில்லை, குழாயை வெட்டவும் இல்லை. கீழ்வீட்டுக் குழாய் சுவரோடு இறங்கும் இடத்தில் பசை தடவி, இரண்டு சிறிய உணரிகளைப் பட்டையால் இறுக்கினார். காதுக்குக் கேட்காத ஒலி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்புமாம். ஓடுகிற தண்ணீரோடு போகும் ஒலி கொஞ்சம் முந்தும், எதிர்த்து வருவது கொஞ்சம் பிந்தும், அந்த வித்தியாசத்திலிருந்து ஓட்டம் தெரிந்துவிடும். குழாய்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு அளந்தால் சைபர் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள். புஷ்பா தன் வீட்டுக் குழாய்களை எல்லாம் இறுக்கி மூடிவிட்டு வந்து நின்றாள். மேலே வால்வு திறந்துதானே இருக்கிறது என்று ஹேமநாதன் கேட்டார். எல்லாம் திறந்துதான் இருக்கிறது என்றார் அப்பா. குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரை நேரம் பார்த்துத் திறந்துவிடுகிறோம் என்று ஒரு வெளியாளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன். காலையில் அவர் மாடிக்குப் போய் மூடிவிட்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். கருவி சைபர் காட்டியது. “பார்த்தியா, குழாய்ல ஒரு குறையும் இல்ல” என்று அப்பா புஷ்பாவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

இளநீர்க் குழலின் மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் உள்ளே இருப்பது கீழே விழாமல் நிற்கும். வால்வு மூடிய குழாயும் அப்படித்தான், கீழே ஓட்டை இருந்தாலும் தண்ணீர் அசையாது. அதை நான் அங்கே சொல்லியிருந்தால் பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு, நாலு பேர் எதிரில் யார் யாரைப் பொய்யராக்கியது என்பதற்குப் போயிருக்கும். துணி காய்ந்திருக்கும் என்று சொல்லி மாடிக்குப் போனேன். வால்வைத் திறந்தேன். துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஹேமநாதன் குரல் கொடுத்தார், “மேடம், எதனா குழாய் தொறந்தீங்களா?” இல்லை என்றேன். புஷ்பா ஓடிப்போய் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். கருவியில் ஏறிய எண் இறங்கவே இல்லை. பிறகு அவர் அதே குழாய் புஷ்பாவின் வீட்டுச் சுவருக்குள் நுழையும் இடத்தில் உணரிகளைக் கட்டினார். அங்கே சைபர். சுவரில் இறங்கிய தண்ணீர் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, இடையில் மண்ணுக்குள் போகிறது. இடையில் இருப்பது போன வருஷம் கார் நிறுத்த நாம் போட்ட சிமெண்ட் தளம்தான். மறுநாள் கொத்தனார் உடைத்துப் பார்த்தார், ஒரு மூட்டு விட்டுப்போயிருந்தது. இப்போது சரிசெய்தாகிவிட்டது. வால்வைப் பற்றி அப்பா இதுவரை என்னிடம் கேட்கவில்லை.

அப்பாவுக்கும் கஷ்டம்தான், அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நேற்றுக் காலை அவராகவே கீழே இறங்கிப்போய், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், குழாய்தான் கெட்டிருந்தது என்று சொன்னார். நான் படியில் நின்றிருந்தேன். புஷ்பா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “தண்ணி போவுதுன்னு சொல்லியிருந்தா பரவால்ல சார். நாங்க கொட்டுறோம்னுதானே தெருவுல சொன்னீங்க.” அப்பா தலையை ஆட்டினார். பாபுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் இருந்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. நீ ஒரு போன் செய்தால் உன்னிடம் பேசுவாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ரசப்பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. படிப்பும் உடம்பும் நன்றாக இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் சித்தி
தேவிப்பிரியா

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று ஞாயிறு. காலையில் சாமான் ஏற்றக் குட்டியானை வண்டி வந்தது. தையல் மிஷினைக் கடைசியாக ஏற்றினார்கள். பருத்திப்பட்டில் வீடு பார்த்திருக்கிறார்களாம். அப்பா உள்ளேயே இருந்தார். புஷ்பா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.