ரொட்டியின் அடியில் ஓர் ஓட்டை

அன்பு மருமகளே,

போன வாரம் நீ வந்தபோது, நீ வாங்கித் தந்த ரொட்டி மெஷினில் நானே சுட்டது என்று பெருமையடித்துக்கொண்டு வைத்தேனே, அது பேக்கரி ரொட்டி. நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். "நல்லா வந்திருக்கு மாமா" என்று சொல்லி, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

உன் அத்தை போன பிறகு, ஒற்றை ஆளுக்கு எதற்கு முழு ரொட்டி என்று மெஷின் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. இன்றுதான் பிரித்தேன். மாவு பிசைகிற தகடு, சுடும்போதும் உள்ளேயே இருந்து ரொட்டியின் அடியில் ஓட்டை போட்டுவிடும் என்பதும் இன்றுதான் தெரிந்தது. அன்று நீ தேடியது அதைத்தான். கூனிக் குறுகிப் போனேன்.

ரொட்டி செங்கல் மாதிரி வந்திருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். சாப்பிட வேண்டாம் அம்மா, திருப்பி மட்டும் பார்.

உன் மாமனார்