மறு ஓட்டத்தில் மூன்று பேர்

12 பிப்ரவரி 1958

ஆலை வேலை முடிந்து வந்து என் பந்தய மோட்டார் சைக்கிளில் என்ஜினைப் பூட்டினேன். சனிக்கிழமை குயின்ஸ்லாந்து மாநில இறுதிப் பந்தயம். இங்கிலாந்து கிளப்காரர் ஒருவர் பார்க்க வருகிறார்; ஜெயிப்பவனை அங்கே கூட்டிப்போய் ஓட்டவிடுவாராம். என் மனைவி நோரீன் இப்போதே அந்த ஊர்க் குளிருக்கான கம்பளிச் சட்டைக் கனவில் இருக்கிறாள். உடன் ஓட்டும் நண்பன் கொலின் சிரிக்கிறான்: "நான் ஜெயிச்சா அந்தச் சட்டையை எனக்கே குடுத்துடு தங்கச்சி!" அவனும் நானும் ஒரே வேனில்தான் வண்டிகளை ஏற்றிப் போவோம்.

16 பிப்ரவரி

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

மூன்றாவது சுற்று. கொலின் முன்னால், நான் ஒட்டிப் பின்னால். வளைவில் அவன் பின்சக்கரம் தானாக வழுக்கியது, விழுந்தான். எங்கள் வண்டிகளுக்கு பிரேக் கிடையாது. அவன்மேல் ஏற்ற வேண்டும், இல்லை என் வண்டியைத் தரையில் சாய்க்க வேண்டும். சாய்த்தேன். வேலியில் போய் மோதினேன்.

பந்தயத்தை நிறுத்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் இடித்துத்தான் அவன் விழுந்தானாம்! நடுவர் என்னை விலக்கிவிட்டார். மற்ற மூன்று பேருக்கும் மறு ஓட்டம்.

கொலினிடம் கெஞ்சினேன். "நான் தொடலைன்னு அவர்கிட்ட சொல்லேன்டா."

ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "நடுவர் சொன்னா சொன்னதுதான். நான் சொல்லி என்ன ஆகப்போகுது?"

போய் ஜெயித்தான்.

அடப்பாவி, உன் கழுத்து மேலயே ஏத்தியிருக்கணும்டா நான் —

3 மார்ச்

கொலின் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். வழியனுப்ப நான் போகவில்லை.

9 ஜூன்

கை சரியாகவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்க வராது, இனி எப்போதும் வராது என்கிறார் டாக்டர்.

"நீ ஏத்தி அவன் செத்திருந்தா உனக்குத் தூக்கம் வந்திருக்குமா, வெர்ன்?" என்றாள் நோரீன்.

"இப்ப மட்டும் வருதாக்கும்?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தேன். அவளிடம் ஏன் எரிந்து விழுகிறேன்?

8 நவம்பர்

இங்கிலாந்தில் குளிர்காலம்; கொலின் இங்கே கோடைப் பந்தயங்களுக்கு ஊர் திரும்பியிருக்கிறான். நான் இப்போது அதே மைதானத்தில் பாதையைச் சமன்செய்யும் டிராக்டரை ஓட்டுகிறேன்.

பந்தயத்துக்கு முன் அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "அதோ டிராக்டர்ல இருக்கானே, வெர்ன், அவன்தான் அன்னிக்கு என்னை இடிச்சுத் தள்ளினவன். ஆனா எனக்கு அவன்மேல துளிகூடக் கோபம் கிடையாது!" என்னைப் பார்த்துக் கை அசைத்தான். மைதானமே எழுந்து கைதட்டியது, அவன் பெருந்தன்மைக்காக. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அசைக்காமல் இருந்தால் வன்மம் பிடித்தவன் என்பார்கள். நானும் கை அசைத்தேன்.