கழுவி வந்த டப்பா

ஏங்க,

செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சமையல் மேடையில் இருக்கிற சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கோங்க. சாவியை மீட்டர் பெட்டி மேல வைங்க.

"வெளியே சாப்பிடறதை நிறுத்தினாதான் நாலு காசு மிஞ்சும்"னு சொன்னது நீங்க. அதை நம்பி ஆறு மாசமா நானும் பொண்ணும் ரேஷன் அரிசியும் கத்திரிக்காயுமா ஓட்டறோம்.

நேத்து மார்க்கெட்டில் உங்ககூட வேலை பார்க்கிற சின்னதுரையோட மனைவி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "ஒங்க கொழம்பு இல்லாம எங்க வூட்டுக்காரருக்கு சோறே எறங்கறதில்லக்கா. அண்ணன் தெனமும் டப்பாவ இவருகிட்ட குடுத்துட்டு பிரியாணி வாங்கி சாப்டுகினு இருக்காராமே!"

இன்னிக்கு டப்பா மேல சின்னதுரை பேரையே எழுதியிருக்கேன். உங்களுக்குச் சமைக்கலை.

பொற்கொடி

காரம் குறைச்சிருக்கேன், அவருக்கு வயித்துப்புண்ணாம்.

டப்பா தினமும் கழுவி வரும். நீங்கதான் கழுவறீங்கன்னு நம்ம குடியிருப்பு பிளாக் முழுக்கப் பெருமையா சொல்லி வச்சிருந்தேன்.