அவர் வைத்த கறி

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
12.06.2024

அன்புள்ள கலா மச்சாளுக்கு,

நீங்களும் அண்ணாவும் பிள்ளைகளும் லண்டனில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து இதை எழுதுகிறேன். போனில் கதைக்கும்போது உங்கள் தம்பி பக்கத்தில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் நீங்கள் எதைக் கேட்டாலும் "ஓம், பரவாயில்லை" என்று சொல்லிவந்தேன். இதைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

தை மாதம் நீங்கள் அனுப்பிய, மெதுவாகச் சமைக்கும் மின்சட்டி பெரிய உதவியாக இருந்தது. நாக்குப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடிந்த நேரம் அவருக்கு எதையும் மெல்ல ஏலாது. காலை ஆறரைக்குப் பூசணிக்காய், கரட், உருளைக்கிழங்கை வெட்டி, வெங்காயமும் மஞ்சளும் போட்டு, கொஞ்சத் தண்ணீர் விட்டு மூடிவிட்டு வேலைக்கு வருவேன். இரண்டரைக்குத் திரும்பும்போது எல்லாம் கரைந்திருக்கும். கட்டித் தேங்காய்ப்பால் விட்டு அரை மணித்தியாலம் வைத்தால் போதும். மிளகாய் சேர்ப்பதில்லை. ருசி தெரியாவிட்டாலும் மறுக்காமல் சாப்பிட்டார். இரண்டு கிலோ கூடினார். நானும் நம்பிவிட்டேன்.

சித்திரைக்குப் பிறகு கழுத்தில் மீண்டும் வீக்கம் வந்தது. நோய் நுரையீரலுக்கும் போய்விட்டதாம். இனி மருந்தில்லை, நோகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று டொக்டர் சொன்னார். அவருக்கு முன்னால்தான் சொன்னார். வரும்போது பஸ்ஸில் அவர் எனக்கு யன்னல் பக்கத்து இருக்கையை விட்டுத் தந்தார். மூன்று கிழமையாக மூக்கால் போட்ட குழாயில்தான் சாப்பாடு. மின்சட்டியைக் கழுவி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். நான் கடைப் பாணும் சம்பலும் தின்று சமாளித்தேன்.

திங்கட்கிழமை வீட்டுக்குள் வந்தால் கறி மணம். அவரோடு இழுவைப்படகில் வேலை செய்த ஜவ்பர் அண்ணாவிடம், பேச்சு வராததால் கொப்பியில் எழுதிக்கொடுத்து, மரக்கறி வாங்குவித்து மின்சட்டியையும் இறக்குவித்திருக்கிறார். நான் வேலைக்குப் போன நேரத்தில் இருந்து கதிரையில் இருந்தபடி வெட்டினாராம். இருபத்தொரு வருடம் கப்பல் கயிறு பிடித்த கைக்கு ஒரு கரட்டைப் பிடிக்கப் பலமில்லை. துண்டுகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கலியாணம் செய்த நாளில் இருந்து குசினிப் பக்கம் வராத மனிதர், சோற்றையும் தானே போட்டு என் முன்னால் வைத்தார்.

நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கொப்பியில், "உப்புக் காணுமோ?" என்று எழுதிக் காட்டினார்.

காணும், அளவாக இருக்கிறது என்றேன். கறியில் ஒரு கல் உப்பும் இல்லை, மச்சாள். இன்னொரு முறை போட்டுச் சாப்பிட்டேன். அவர் கொப்பியை வாங்கி, "நான் இல்லாட்டியும் நீர் பாணோட இருக்காதேயும், சமைச்சுச் சாப்பிடும்" என்று எழுதினார். ஓம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

நேற்றில் இருந்து எழுந்து நடக்கக் கஷ்டப்படுகிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. உங்கள் படத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

இனிச் சத்துமா, துணி, ஒன்றும் அனுப்ப வேண்டாம். நவம்பரில் லீவு எடுத்து வருவதாகச் சொன்னீர்கள். நவம்பர் வேண்டாம், மச்சாள். இந்த மாதமே வாங்கோ. ஏதோ காரணம் சொல்லி வாங்கோ; நான் எழுதியதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
சிவாஜினி